பாம்புக்கு வாய்ப்புண்: வீட்டு வைத்தியம் எதுவரை?

எங்கள் வீட்டுப் பாம்பின் பெயர் பஜ்ஜி. கரும்பழுப்பு உடம்பில் பொன்னிறத் திட்டுகள். எண்ணெயில் கொஞ்சம் கூடுதலாக வெந்த வாழைக்காய் பஜ்ஜி மாதிரி இருக்கிறது என்று மகள் வைத்த பெயர். இனம் ராயல் பைதான். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பால் பைதான் என்பார்கள் (குடிக்கும் பால் இல்லை, ஆங்கில 'ball', அதாவது பந்து). மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளுக்குச் சொந்தமான ஜீவன், எங்களோடு லண்டன் பக்கம் கிராய்டனில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் குடியிருக்கிறது. ஒரு குளிர்காலத்தில் அதற்கு வாய்ப்புண் வந்தது. பாம்பு வளர்ப்பவர்கள் 'மவுத் ராட்' என்பார்கள், அதாவது வாய் அழுகல். வீட்டிலேயே கழுவிச் சரிசெய்துவிடலாம் என்று நான் பன்னிரண்டு நாள் மெனக்கெட்டேன். அதில் எது உதவியது, எது வீண், எது பாம்புக்குக் கெடுதலாகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்து எழுதுகிறேன். இதே இடத்தில் நிற்பவர்களுக்கு முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதற்கு எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதுதான் விஷயம்.

முதலில் கவனித்தது மகள். "அப்பா, இவன் வாய் கோணலா மூடியிருக்கு" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குமுன் இரண்டு தடவை எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ராயல் பைதான் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது சகஜம் என்பதால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் உதட்டோரம் நூல் நூலாக எச்சில் தொங்கியது. மெல்லிய பிளாஸ்டிக் அட்டையின் நுனியால் உதட்டை லேசாக விலக்கிப் பார்த்தபோது, வெளிர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறில் ஊசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். ஓர் இடத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாயோரம் ஈரம் தெரிந்தாலே வாய்ப்புண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தண்ணீர் குடித்த கையோடு சொட்டும். இரை விழுங்கியபின் தாடையைச் சரிசெய்ய அகலமாகக் கொட்டாவி விடும். சட்டை உரித்த பிறகு உதட்டில் ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும். இவையெல்லாம் ஓரிரு நாளில் காணாமல் போகிறவை. சிவப்புப் புள்ளி, வீக்கம், கெட்டியான எச்சில், வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சீழ், கெட்ட வாடை என்றால் அது வேறு கதை.

இந்த நோய்க்கு 'இன்ன கிருமி' என்று ஒற்றைக் குற்றவாளி கிடையாது. சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் பாம்பின் வாயிலும் அது வாழும் இடத்திலும் எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும். பாம்பின் எதிர்ப்புச் சக்தி விழும் நாளுக்காகக் காத்திருக்கும். குளிர் இரத்தப் பிராணி ஆயிற்றே, வெளியே வெப்பம் குறைந்தால் உள்ளே நோயோடு சண்டை போடும் வேலையும் மந்தமாகிவிடும். அதோடு ஒரு சின்னக் காயம் சேர்ந்தால் போதும். கண்ணாடியில் மூக்கை உரசியது, இரை என்று நினைத்துப் பெட்டிச் சுவரில் பாய்ந்தது, உயிருள்ள எலி கடித்தது என்று ஏதாவது ஒன்று. உடம்பில் உண்ணி இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். அது பாம்பை வலுவிழக்கச் செய்வதோடு கிருமியையும் சுமந்து திரியும்.

எங்கள் வீட்டில் குற்றவாளி நான்தான். பெட்டியைக் கழுவிவிட்டு மறுபடி பூட்டியபோது, தெர்மோஸ்டாட்டின் உணரியை பெட்டிக்குச் சூடு தரும் ஹீட் மேட்டின் மேலேயே ஒட்டிவிட்டேன். மேட் சூடான உடனே, 'போதும்' என்று அது மின்சாரத்தை நிறுத்திவிடும். மேலே பரப்பியிருந்த தேங்காய் நார்த் தூளுக்கு அந்தச் சூடு ஏறவே இல்லை. கண்ணாடியில் ஒட்டிய வட்ட வெப்பமானி அசையாமல் 31 காட்டிக்கொண்டிருந்தது, அதை நம்பினேன். டிஜிட்டல் வெப்பமானியின் முனையைப் பாம்பு படுக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தால் 25 டிகிரி. வெயில் காயும் மூலையில் 32 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இருக்க வேண்டிய பிராணி, வாரக்கணக்கில் 25-இல் கிடந்திருக்கிறது. கரண்ட் பில்லுக்குப் பயந்து அறை ஹீட்டரையும் அந்த மாதம் குறைத்திருந்தேன்.

வெப்பத்தை மட்டும் சரிசெய்து காத்திருப்பது

ஆக, கண்ணெதிரே இருந்த முதல் வழி இது. மருந்து வேண்டாம், இடத்தைச் சரிசெய்வோம், உடம்பு தானே ஆறிக்கொள்ளும். செலவில்லை, பாம்புக்குத் தொந்தரவும் இல்லை. சந்தேக நிலையில், அதாவது எச்சில் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஈறு நல்ல நிறத்தில் இருக்கிறது, பாம்பு வழக்கம்போல் நடமாடுகிறது என்ற நிலையில், மூன்று நாலு நாள் இப்படிப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிவப்புப் புள்ளி வந்த பிறகு இது மட்டும் போதாது. ஆனால் வேறு எந்த வழிக்குப் போனாலும் இதைச் செய்யாமல் போனால் பிரயோஜனம் இல்லை. குளிரில் கிடக்கும் பாம்புக்கு எவ்வளவு விலையுயர்ந்த ஊசி போட்டாலும் பாதி வீண். அந்த இனத்துக்கு உகந்த வெப்ப வரம்பின் மேல் பக்கமாக வைத்தால் போதும். ஆர்வக்கோளாறில் 36, 38 என்று ஏற்றினால் வாய்ப்புண்ணோடு தீக்காயமும் சேர்ந்துகொள்ளும். ஒதுங்கிக்கொள்ளக் குளிர்ந்த மூலை ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும்.

வீட்டிலேயே கழுவுவது

நான் இறங்கியது இதில்தான். மதுரையிலிருந்து போனில் அம்மா, "ஏண்டா, வாய்ப்புண்ணுன்னா மணத்தக்காளிக் கீரை குடுக்கணும், பாம்புக்கு எப்படிடா குடுப்ப?" என்று நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். கடைசியில் மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசச் சொன்னார். மஞ்சள் கிருமியைக் கொல்லாதா என்றால், ஆய்வுக்கூடத்தில் கொல்லும்தான். ஆனால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும் தூள் எதுவும் பாம்பு வாய்க்கு ஆகாது. அதுவே அடுத்த அழுக்காகிப் புண்ணில் படியும். தேனும் இதே கதைதான். டாக்டர் கையில் அது ஒரு மருந்து, நம் கையில் வாயில் ஒட்டும் பிசின்.

திரவங்களில் எதை எடுப்பது என்பதில்தான் எனக்கு நிறைய நேரம் போனது. இருப்பதிலேயே கெடுதல் இல்லாதது உப்புத் தண்ணீர். கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு. கிட்டத்தட்ட சலைன் அளவுக்கு வந்துவிடும். கிருமியைக் கொல்லாது, ஆனால் எச்சிலையும் தளர்ந்த சீழையும் அலசி எடுக்கும். அடுத்து போவிடோன் அயோடின். 10 சதவீதக் கரைசலை அப்படியே ஊற்றாமல், பால் கலக்காத லேசான டீயின் நிறத்துக்கு வரும்வரை நீர் சேர்க்க வேண்டும். கடையில் 'ஸ்க்ரப்' என்று எழுதியதை எடுத்துவிடக் கூடாது, அதில் சோப்பு இருக்கும். மூன்றாவது குளோர்ஹெக்சிடின். 0.05 சதவீதம்தான் அளவு. 2 சதவீதப் பாட்டில் என்றால் ஒரு பங்கு மருந்துக்கு 39 பங்கு நீர். அதற்கு மேல் கெட்டியாக இருந்தால் திசுவைப் புண்ணாக்கும், விழுங்கினாலும் ஆபத்து. அதே சாயலில் வரும் சாவ்லானில் வேறொரு வேதிப்பொருளும் கலந்திருக்கிறது, டெட்டாலோ முழுக்க வேறு சரக்கு. இரண்டும் பாம்பின் வாய்ப் பக்கமே போகக் கூடாது.

ஹைட்ரஜன் பெராக்சைடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் பலரும் பெருமையாகச் சொல்கிறார்கள். பொங்கி வரும் நுரையைப் பார்த்தால் ஏதோ நடக்கிற மாதிரித் தோன்றும். நடப்பது என்னவோ, ஆறத் தொடங்கிய புதுத் திசுவும் சேர்ந்து வெந்துபோவதுதான். அதைவிட மோசம் அந்த நுரை போகும் இடம். பாம்பின் மூச்சுக்குழல் வாய், நமக்கு இருப்பது போல் தொண்டைக்குள் ஒளிந்திருக்காது. கீழ்த்தாடையில், கிட்டத்தட்ட வாயின் முன்பக்கத்திலேயே திறந்திருக்கும். பெரிய இரையை விழுங்கும்போதும் மூச்சு விடுவதற்காக அமைந்த ஏற்பாடு அது. நாம் வாயில் ஊற்றும் எதுவும் நேரே நுரையீரலுக்கு இறங்க வழி. நம்மைப் போல் இருமி வெளியே தள்ளவும் அதனால் முடியாது. மனிதர்களுக்கான மவுத்வாஷும் வேண்டாம். பலவற்றில் ஆல்கஹால் இருக்கும், புண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று நமக்கே தெரியும்.

ஆகவே எந்தத் திரவமானாலும், செய்யும் முறைதான் பாதி மருந்து. ஒருவர் துண்டில் சுற்றிய உடம்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் தலையைப் பிடிக்க வேண்டும். மூக்கு தரையை நோக்கிச் சாய்ந்திருந்தால் நீர் வெளியே வழிந்துவிடும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக, பக்கவாட்டிலிருந்து அலச வேண்டும். பஞ்சுக்குச்சி வேண்டாம் என்பது என் சொந்த அனுபவம். பாம்பின் பற்கள் பின்னோக்கி வளைந்த முள் மாதிரி. பஞ்சு அதில் மாட்டிக்கொண்டு நூல் நூலாகப் பிரியும், அதை எடுக்கப் போய் இரண்டு பல் உடையும். பல் மறுபடி முளைக்கும், சரி. ஆனால் அந்தக் குழியில் கிருமி போய் உட்காரும். ஒட்டியிருக்கும் சீழைச் சுரண்டவே கூடாது. தானாகக் கழன்று வருவது வரட்டும். மற்றது மயக்கமோ வலி மருந்தோ கொடுத்து ஒரு மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. கத்தாது என்பதற்காகப் பாம்புக்கு வலிக்காது என்று அர்த்தமில்லை. விஷப் பாம்பு வளர்ப்பவர்களுக்கு இந்தப் பத்தியே பொருந்தாது.

இதெல்லாம் ஒழுங்காகச் செய்தும் பஜ்ஜிக்கு ஏன் ஆறவில்லை? முதல் ஐந்து நாளில் சிவப்பு குறைந்தது. மகளிடம் பெரிய வைத்தியன் மாதிரி பேசினேன். பிறகு மேலுதட்டில் ஒரு பக்கம் மேடு கட்டியது. பாம்பின் சீழ் நம்முடையது போல் தண்ணீராக இருப்பதில்லை. சீழைக் கரைக்கும் நொதிகள் ஊர்வனவற்றின் வெள்ளணுக்களில் குறைவு என்பதால் அது பன்னீர்த் துருவல் மாதிரி கட்டியாகிவிடும். மேலே எந்தத் திரவத்தை ஊற்றினாலும் அந்தக் கட்டிக்குள் இறங்காது. ஈறுக்குக் கீழே எலும்புக்கும் போய்விட்டால் கழுவுவது என்பது பூட்டிய வீட்டின் திண்ணையைப் பெருக்குவது போலத்தான். இன்னொரு பாதையும் உண்டு. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலுக்கு அடியிலிருந்து ஒரு குழாய் வாய்க்குள் வடியும். வாய்ப்புண் அதன் வழியே மேலேறினால் கண்ணுக்கடியில் சீழ் கட்டும். நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா, இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

என் தீர்ப்பு இதுதான். கழுவுவது துணை வைத்தியம். சிவப்புப் புள்ளி மட்டும் இருக்கும்போது, மருத்துவரைப் பார்க்க நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் செய்யலாம். அதையே முழு வைத்தியமாக நம்பி நாளைக் கடத்துவதுதான் தப்பு. எங்கள் மருத்துவர் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் உறுத்துகிறது: "முதல் வாரமே வந்திருந்தால் மயக்க மருந்து தேவைப்பட்டிருக்காது."

நாமே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது

சிலர் மீன் தொட்டிக்கு விற்கும் மாத்திரையைக் கரைக்கிறார்கள். சிலர் நாய்க்கு வாங்கி மீந்ததைக் கொடுக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்காத வழி, சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும். வாய்ப்புண்ணில் அடிக்கடி இருக்கும் சூடோமோனாஸ், சாதாரண அமாக்ஸிசிலினுக்கு அசையாத கிருமி. வாய் வழி மருந்து, மந்தமாக ஜீரணிக்கும் பாம்பின் குடலில் எவ்வளவு உறிஞ்சப்படும் என்று கணக்கிடுவதும் கடினம்.

அளவு இன்னொரு தலைவலி. பாம்புகளுக்கு அதிகம் எழுதப்படும் ஊசி செஃப்டாஸிடிம். வழக்கமாகச் சொல்லப்படும் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. பஜ்ஜியின் எடை 900 கிராம். ஆக ஒரு வேளைக்கு 18 மில்லிகிராம். மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் பாட்டிலோ 1 கிராம், அதாவது பஜ்ஜிக்கு ஐம்பத்தைந்து வேளைக்குக் காணும். கரைக்கும்போது ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு போய்விடும். அமிக்காஸின் போன்ற மருந்தில் இந்தத் தவறு நடந்தால், அதுவும் உடம்பில் நீர் வற்றிய பாம்பு என்றால், சிறுநீரகம் தாங்காது. என்ரோஃப்ளாக்ஸசின் ஊசி போட்ட இடத்திலேயே தசையை அரிக்கும் குணம் உள்ளது. எடுத்த எடுப்பில் கைக்குக் கிடைத்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு மருத்துவரிடம் போனால், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் உண்மையான கிருமி சிக்காமல் போகவும் வாய்ப்புண்டு.

வீடியோ காலில் மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்கிவிடலாமே என்று நானும் நினைத்தேன். பிரிட்டனில் அது நடக்காது. கால்நடை மருத்துவர்களுக்கான நெறிமுறை 2023 செப்டம்பரில் மாறியபோது நேரில் பார்க்காமல் மருந்து எழுதக் கொஞ்சம் வழி விட்டார்கள், ஆனால் ஆன்டிபயாடிக் என்றால் அசாதாரணச் சூழல் தவிர நேரில் பரிசோதித்தே ஆக வேண்டும். சொந்தப் பிராணிக்கு உரிமையாளர் சிறு சிகிச்சை செய்யலாம் என்று 1966-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டம் அனுமதிக்கிறது. கழுவுவது, மருத்துவர் கொடுத்ததைப் போடுவது எல்லாம் அதில் அடங்கும். அதே சமயம் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்புப் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்கும் கடமை நம்முடையது என்கிறது. வீட்டு வைத்தியம் செய்கிறேன் என்று இழுத்துக்கொண்டே போவதற்கு அது இடம் கொடுக்காது.

ஒருமுறை மருத்துவர், மிச்சம் வீட்டில்

வீடா, மருத்துவரா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதே தேவையில்லாத வேலை என்று பிறகுதான் புரிந்தது. நல்ல ஊர்வன மருத்துவரிடம் போனால் வைத்தியத்தின் பெரும்பகுதி வீட்டுக்கேதான் திரும்பி வருகிறது.

முதலில் போன பக்கத்துத் தெரு கிளினிக்கில் அன்பாகப் பேசினார்கள், ஆனால் பாம்பைத் தொடத் தயங்கினார்கள், எடைகூடப் போடவில்லை. பார்வைக்கான கட்டணம் போனது போனதுதான். போன் செய்யும்போதே "ஊர்வன பார்ப்பீர்களா, மாதத்துக்கு எத்தனை வரும்?" என்று கேட்டிருந்தால் அந்தக் காசும் நாலு நாளும் மிச்சம். ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் பாம்பு போன்ற எக்ஸாடிக் பிராணிகள் பார்ப்பவர் ஒருவர் கிடைத்தார். பஜ்ஜியைத் துணிப்பையில் முடிந்து, தெர்மோகோல் பெட்டிக்குள் துண்டு சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலோடு கொண்டுபோனோம்.

அவர் முதலில் கேட்டது வாயைப் பற்றியல்ல, வெப்பமானியைப் பற்றி. பெட்டியின் படத்தைக் காட்டச் சொன்னார். பிறகு மயக்கம் கொடுத்து, கட்டியிருந்த சீழை எடுத்தார். ஆழத்திலிருந்து ஸ்வாப் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார். மேலோட்டமாகத் துடைத்தால் வாயில் எப்போதும் இருக்கும் கிருமிகள்தான் வரும் என்றார். எலும்பு அரித்திருக்கிறதா என்று எக்ஸ்ரே. நல்லவேளை, இல்லை. கல்ச்சர் முடிவு வரும்வரை காத்திராமல் செஃப்டாஸிடிம் தொடங்கினார்.

அதை அவர் கொடுத்த விதம்தான் இந்த வழியின் அழகு. ஒரு பாட்டிலைக் கரைத்து, ஒவ்வொரு வேளைக்கும் சரியான அளவில் தனித்தனிச் சிரிஞ்சுகளில் ஏற்றி, உறைய வைத்துத் தந்துவிட்டார்கள். வீட்டு ஃப்ரீஸரில் வைத்திருந்து, மூன்று நாளுக்கு ஒன்றை எடுத்துக் கைச்சூட்டில் உருக வைத்துப் போட வேண்டியதுதான். கிளினிக்கில் நர்ஸ் இரண்டு தடவை காட்டிக் கொடுத்தார். முதுகெலும்பின் பக்கத்துத் தசையில், உடம்பின் முன்பாதியில், செதிலுக்கும் செதிலுக்கும் இடையே. பின்பாதியில் போட்டால் இரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகும் அமைப்பு ஊர்வனவற்றுக்கு உண்டு என்பதால் இப்படி ஒரு வழக்கம். மூன்று நாள் இடைவெளி ஏன் என்று கேட்டேன். பாம்பின் உடம்பு மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். 1984-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் பாம்புகளை 30 டிகிரியில் வைத்து இந்த மருந்தைச் சோதித்த கணக்கு அது. வெப்பத்தைச் சரியாக வைக்காவிட்டால் அந்தக் கணக்கும் நமக்குப் பொருந்தாது. மறுபடி வந்து நிற்கிறது பாருங்கள், அந்த வெப்பமானி.

முதல் ஊசி போடும்போது என் கை நடுங்கியது, மகளுக்கு நடுங்கவில்லை. இரண்டாவதிலிருந்து அவளே போட்டாள், நான் பிடித்துக்கொண்டேன். ஏழு ஊசி, பதினெட்டு நாள். இடையே தினம் ஒருமுறை, மருத்துவர் கொடுத்த கரைசலில் அலசுவது. நான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த அதே வேலை, ஆனால் இப்போது அதற்குப் பலன் இருந்தது.

செலவு? பரிசோதனை, மயக்கம், எக்ஸ்ரே, கல்ச்சர், ஊசி, மறுபார்வை எல்லாம் சேர்த்து எங்களுக்கு 400 பவுண்டைத் தாண்டியது. பாம்பின் விலையைவிடப் பல மடங்கு. "இதுக்கு இன்னொரு பாம்பே வாங்கலாமே" என்று சொன்ன நண்பரோடு நான் அந்த வாரம் பேசவில்லை. ஆனால் காசு தட்டுப்பாடு என்பது நிஜமான பிரச்சினைதான். அப்படியானால் மருத்துவரிடமே முதல் நிமிடத்தில் சொல்லிவிடுவது நல்லது: "இவ்வளவுதான் முடியும், எது முக்கியம்?" நானாக இருந்தால் பரிசோதனைக்கும் ஊசிக்கும் முதலிடம் தருவேன், எக்ஸ்ரேயை வீக்கம் அடங்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கச் சம்மதமா என்று கேட்பேன். சிவப்புப் புள்ளி நிலையிலேயே போயிருந்தால் இந்தப் பட்டியலில் பாதி இருந்திருக்காது.

மருத்துவமனையிலேயே விட்டுவிடும் வழியும் இருக்கிறது. அது முற்றிய நிலைக்கு: வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூச்சில் விசில் சத்தம், தலையை மேலே தூக்கியே வைத்திருப்பது, தாடை வீங்கி வாய் மூடாமை, கண் உப்புவது, துவண்டு கிடப்பது, வயிற்றுச் செதில்களில் சிவப்பு படர்வது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் பேசும் நேரமில்லை, அன்றைக்கே கிளம்ப வேண்டும். மற்ற நிலைகளில் பாம்புக்குத் தன் பெட்டியும் தன் இருட்டு மூலையும்தான் நிம்மதி.

வீட்டில் வேறு பாம்புகள் இருப்பவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பாம்பு இனங்களில், அதிலும் ராயல் பைதானில், நிடோவைரஸ் என்று ஒரு தொற்று இருக்கிறது. வாயில் கோழையும் சிவப்பும் மூச்சுத் திணறலுமாக வரும். பார்த்தால் சாதாரண வாய்ப்புண் போலத்தான் இருக்கும், ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும். ஸ்வாப் எடுத்து பிசிஆர் செய்தால்தான் தெரியும். அதுவரை நோயாளியைத் தனி அறையில் வைத்து, அதன் கிண்ணம், கொக்கி எதையும் மற்றதற்குப் பயன்படுத்தாமல், கடைசியாக அதைத் தொடுவது என்று வரிசை வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் மலைப்பாம்பு, சாரை, மண்ணுளி எதையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வளர்க்கவே கூடாது. காயம்பட்ட காட்டுப் பாம்பு கண்ணில் பட்டால் வனத்துறைக்குச் சொல்வதுதான் வழி. பால் பைதான் போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு, 2022-இல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகு பதிவு கட்டாயம். பதிவு இல்லாததால் மருத்துவரிடம் போகப் பயந்து வீட்டிலேயே வைத்தியம் பார்ப்பவர்கள் உண்டு என்று கேள்விப்படுகிறேன். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது பாம்பு. செஃப்டாஸிடிம் அங்கேயும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில்தான் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் வீட்டில் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் நிறைய. தேங்காய் நார்த் தூளை அள்ளிப்போட்டுவிட்டு வெறும் பேப்பர் விரித்தோம், புண்ணில் துகள் ஒட்டாமல் இருக்க. பேப்பர் போட்டால் ஈரப்பதம் இறங்கும், அதற்கு ஒரு டப்பாவில் ஓட்டை போட்டு ஈரப் பாசி வைத்தோம். குடிக்கும் கிண்ணத்தைத் தினமும் கழுவினோம், ஆனால் சமையலறைத் தொட்டியில் அல்ல. பாம்பிடம் சால்மொனெல்லா இருக்கலாம், வாயைக் கையாளும் நாட்களில் கையுறையும் சோப்பும் தவறக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை பார்த்தோம் (அதற்கென்றே தனித் தராசு வாங்கிய பிறகுதான் மனைவி சமாதானமானார்). வாய் ஆறும்வரை எலி கொடுக்கவில்லை. நல்ல உடம்புள்ள ராயல் பைதான் சில வாரப் பட்டினியைச் சுலபமாகத் தாங்கும்; வலிக்கிற வாயில் இரையைத் திணிப்பதுதான் கொடுமை.

ஏழாவது ஊசிக்குப் பிறகு மறுபார்வையில் ஈறு பழைய வெளிர் நிறத்துக்கு வந்திருந்தது. இன்னும் பத்து நாள் கழித்து, வழக்கத்தைவிடச் சின்ன எலி ஒன்றை, உறைநிலை போக்கிச் சூடாக்கிக் காட்டினோம். பத்து நிமிடம் முகர்ந்துகொண்டே இருந்தது, அப்புறம் ஒரே பாய்ச்சல்.

அவசரத்துக்கென்று கூடுதலாகத் தந்த இரண்டு சிரிஞ்சுகளைக் கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவற்றை வைத்திருந்த டப்பா மட்டும் ஃப்ரீஸரில் இட்லி மாவுக்கு மேல் தட்டில் மறந்து கிடந்தது. யாரும் தவறிப்போய் எடுத்துவிடக் கூடாதே என்று மகள் அதன்மேல் கொட்டை எழுத்தில் 'பஜ்ஜி' என்று எழுதி ஒட்டியிருந்தாள். போன மாதம் வந்திருந்த சித்தி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "காலி டப்பாவ எதுக்குடா வெச்சிருக்கீங்க, பஜ்ஜி எங்க?" என்றார். மகள் மாடியைக் கை காட்டினாள்.